இருந்தால், இருப்பேன்: நடந்ததை எண்ணி வருந்துவதை ஆங்கிலத்தில் சொல்லும் முறை

நடந்து முடிந்த ஒன்றை நினைத்து வருந்தும்போது தமிழில் வாக்கியம் தானாக வந்து விழுகிறது. 'அன்றைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது' என்று சொல்வதற்கு எவரும் இலக்கணத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. அதே மனக்குறையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வரும்போதுதான் ஹேட் எங்கே வரும், வுட் எங்கே வரும், ஹேவ் ஒரு முறையா இரு முறையா என்ற குழப்பத்தில் நாக்கு தடுமாறி, கடைசியில் 'சாரி' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பள்ளியில் 'இஃப் கிளாஸ், டைப் த்ரீ' என்று இதற்கு ஒரு சூத்திரம் சொல்லித் தந்திருப்பார்கள். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். பேசும்போது அந்தச் சூத்திரத்தை நினைவுகூர்ந்து கட்டம் கட்டமாக நிரப்பி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால், ஆங்கில வாக்கியத்தின் மூட்டுகள் பெரும்பாலும் அதே இடங்களில் இருப்பது தெரியும். எங்கே அவை பொருந்துகின்றன, எங்கே தமிழ் ஒரே வடிவத்தில் சொல்வதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது என்பது தெளிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இது வாயால் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டிய பாடம் என்பதால் அதுவே வசதி.

தமிழ் வாக்கியத்தைப் பிரித்தல்

'நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'சொல்லியிருந்தால்' என்ற நிபந்தனை எச்சத்தில் மூன்று துண்டுகள் உள்ளன: 'சொல்லி' என்ற வினையெச்சம், 'இரு' என்ற துணைவினையின் இறந்தகால வடிவம், கடைசியில் 'ஆல்'. இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உண்டு. 'ஆல்' வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் 'இஃப்' ஆகிறது. 'இருந்த்' என்பது 'ஹேட்' ஆகிறது. 'சொல்லி' என்பது 'டோல்ட்' ஆகிறது. 'வந்திருப்பேன்' என்பதையும் அவ்வாறே பிரிக்கலாம். 'வந்து' என்பது 'கம்', 'இரு' என்பது 'ஹேவ்', எதிர்காலத்தைக் காட்டும் 'ப்ப்' என்ற இடைநிலை 'வுட்', 'ஏன்' என்ற விகுதி 'ஐ'. எல்லாவற்றையும் ஆங்கில வரிசையில் அடுக்கினால் 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்' என்ற வாக்கியம் கிடைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. நடந்து முடிந்த காலத்தைப் பற்றிப் பேசும்போதும் தமிழ் 'வந்திருப்பேன்' என்று எதிர்கால இடைநிலையைத்தான் பயன்படுத்துகிறது. ஆங்கிலமும் அதையே செய்கிறது, ஏனெனில் 'வுட்' என்பது 'வில்' என்ற எதிர்காலச் சொல்லின் இறந்தகால வடிவம். தொடர்பில்லாத இரு மொழிகள் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யும்போது ஒரே தந்திரத்தைக் கையாள்வது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கற்பவருக்கு இதனால் கிடைக்கும் பயன் பெரிது: 'இருந்தால்' என்று காதில் விழுந்தால் 'ஹேட்', 'இருப்பேன், இருப்பாய், இருப்பார், இருக்கும்' என்று விழுந்தால் 'வுட் ஹேவ்'. தமிழில் ஆளுக்கு ஆள் விகுதி மாறுவது போல ஆங்கிலத்தில் எதுவும் மாறுவதில்லை. ஐ, யூ, ஹி, தே எல்லோருக்கும் 'ஹேட்' ஒன்றுதான், 'வுட் ஹேவ்' ஒன்றுதான். 'ஹி' வந்துவிட்டதே என்று 'வுட் ஹேஸ்' என எழுதுபவர்கள் உண்டு. வுட்டுக்குப் பின்னால் எப்போதும் ஹேவ் மட்டுமே வரும்.

'இஃப்' பகுதியில் வுட்

தமிழ் பேசுபவர்களின் ஆங்கிலத்தில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை 'இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ' என்பது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். நெருங்கிய நண்பர் ஒருவர் வீட்டில் துக்கம் நடந்தபோது எனக்குச் செய்தி வரவில்லை. பிறகு அவருக்கு எழுதிய கடிதத்தில் 'இஃப் யூ வுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்' என்று எழுதினேன். இலக்கணப் பிழை ஒரு பக்கம் இருக்க, அந்த வாக்கியத்தில் வேறொரு குறையும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பிழை ஏன் வருகிறது என்றால், தமிழில் இரண்டு பகுதிகளிலும் 'இரு' இருப்பதால் ஆங்கிலத்திலும் இரண்டு பகுதிகளிலும் ஒரே சொற்கள் வர வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது என நினைக்கிறேன். ஆனால் தமிழை உற்றுக் கேட்டால் இரண்டு 'இரு'வும் ஒன்றல்ல என்பது தெரியும். முன்னது இறந்தகாலம், பின்னது எதிர்காலம். 'நீ சொல்லியிருப்பால்' என்று எவரும் சொல்வதில்லை. அந்த வடிவம் காதுக்கு எவ்வளவு கோணலாக இருக்கிறதோ, கவனமான ஆங்கில வாசகருக்கு 'இஃப் யூ வுட் ஹேவ்' என்பது ஏறத்தாழ அவ்வளவு கோணலாக இருக்கும். அமெரிக்கர்களின் பேச்சில் இந்த வடிவம் அடிக்கடி காதில் விழும் என்பது உண்மை. என்றாலும் எழுத்தில் அதைப் பிழையாகவே கொள்கிறார்கள். ஆகவே வுட் எப்போதும் விளைவின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த பிழை வினையின் மூன்றாம் வடிவத்தில் நேர்வது. 'ஹேட் வென்ட்', 'ஹேட் கேம்', 'வுட் ஹேவ் டுக்' என்று எழுதுவோர் வினையின் இரண்டாம் வடிவத்தை இழுத்துவந்து ஒட்டுகிறார்கள். இதற்கும் தமிழே காவல். 'இருந்தால்' என்பதற்கு முன்னால் நாம் வைப்பது வினையெச்சம். 'வந்து' இருந்தால், 'போய்' இருந்தால் என்போமே தவிர 'வந்தேன்' என்ற வினைமுற்றை அங்கே வைப்பதில்லை. ஆங்கிலத்தில் அந்த எச்சத்தின் இடத்தில் நிற்பதுதான் பள்ளியில் 'வி த்ரீ' என்று பழக்கிய கான், கம், டேக்கன், சீன், டன், ரிட்டன் முதலிய வடிவங்கள். வருத்தம் சொல்ல வழக்கமாகத் தேவைப்படும் வினைகள் முப்பது நாற்பதைத் தாண்டாது. அவற்றின் மூன்றாம் வடிவத்தை மட்டும் 'ஹேட் கான், ஹேட் சீன், ஹேட் டோல்ட்' என்று ஹேட்டோடு சேர்த்தே சொல்லிப் பழகினால், தனித்தனிப் பட்டியலாகப் படிப்பதைவிட விரைவில் நாக்கில் படியும்.

நடந்ததைத் திருப்பிப் போடுதல்

வாக்கியம் சிக்கலாகும்போது நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். முதலில் உண்மையில் நடந்ததை இரண்டு சிறிய வாக்கியங்களாகத் தமிழில் எழுதிக்கொள்கிறேன்: 'அலாரம் வைக்கவில்லை. ரயிலைத் தவறவிட்டேன்.' பிறகு இரண்டையும் தலைகீழாக்குகிறேன்: 'அலாரம் வைத்திருந்தால், ரயிலைத் தவறவிட்டிருக்க மாட்டேன்.' இதன் பிறகே ஆங்கிலத்துக்குப் போகிறேன்: 'இஃப் ஐ ஹேட் செட் தி அலாரம், ஐ வுடன்ட் ஹேவ் மிஸ்ட் த டிரெயின்.' நடந்தது எதிர்மறையாக இருந்தால் வாக்கியத்தில் அது உடன்பாடாகும். நடந்தது உடன்பாடாக இருந்தால் வாக்கியத்தில் எதிர்மறையாகும். ஆங்கிலம் கேட்பவர் இந்தத் திருப்பத்தை உடனே பிடித்துக்கொள்வார். 'இஃப் ஐ ஹேட் செட்' என்ற நான்கு சொற்களிலேயே 'நான் வைக்கவில்லை' என்ற செய்தி அடங்கிவிடுவதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்மறையைத் தமிழிலிருந்து கொண்டுபோகும்போது ஒரு சிறு தடுமாற்றம் வருவது இயல்பு. 'அந்த மின்னஞ்சலை அனுப்பாமல் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது' என்ற வாக்கியத்தில் 'இரு' இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. முதல் 'இரு', 'அனுப்பாமல்' என்பதோடு சேர்ந்து எதிர்மறையை உண்டாக்குகிறது. இரண்டாவதுதான் நம்முடைய 'ஹேட்'. எனவே ஆங்கிலத்தில் 'இஃப் ஐ ஹேடன்ட் சென்ட் தட் ஈமெயில், வி வுடன்ட் ஹேவ் குவாரல்ட்' என்று ஒரே ஹேட்டுடன் 'நாட்' சேர்த்தால் போதும். 'அனுப்பாவிட்டால்' என்பதற்குப் பழகிப்போன 'அன்லெஸ்' என்ற சொல்லை இங்கே கொண்டுவர வேண்டாம். நடந்துவிட்ட ஒன்றை நடக்காததாகக் கற்பனை செய்யும் இத்தகைய வாக்கியத்தில் அது பொருந்தாது.

'இருந்திருந்தால்' என்ற வடிவம் இன்னோர் இடத்தில் பெரிதும் உதவுகிறது. 'நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதற்கு ஆங்கிலம் 'இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கம்'. அடுத்தடுத்து இரண்டு ஹேட் வருவதைப் பார்த்து அச்சுப் பிழை என்று எண்ணி ஒன்றை அடித்துவிடுபவர்கள் உண்டு. தமிழிலும் இரண்டு 'இரு' அடுத்தடுத்து வருவதை அவர்கள் கவனிப்பதில்லை. முதல் 'இரு' நேரம் இருப்பதைச் சொல்லும் முதன்மை வினை, இரண்டாவது துணைவினை. ஆங்கிலத்தில் வரிசை மட்டும் மாறி, துணைவினை முன்னாலும் முதன்மை வினை பின்னாலும் நிற்கின்றன. பேச்சுத் தமிழில் நாம் சுருக்கமாக 'நேரம் இருந்தால் வந்திருப்பேன்' என்று ஒரு 'இரு'வை விழுங்கிவிடுவதால்தான் 'இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கம்' என்ற அரைகுறை வாக்கியம் பிறக்கிறது. 'நான் அங்கே இருந்திருந்தால்' என்பதில் முதன்மை வினை ஓரிடத்தில் இருப்பதைச் சொல்வதால் அது 'இஃப் ஐ ஹேட் பீன் தேர்' ஆகும்.

இன்றுவரை தொடரும் விளைவு

சில வருத்தங்கள் அன்றோடு முடிவதில்லை. 'அன்று அந்த மொழியைக் கற்றிருந்தால் இன்று இவ்வளவு சிரமப்பட மாட்டேன்' என்று சொல்லும்போது காரணம் நேற்றில் இருக்கிறது, விளைவு இன்றில் இருக்கிறது. தமிழிலும் இரண்டாம் பகுதியில் எச்சமும் 'இரு'வும் சேர்ந்த வடிவம் வரவில்லை. 'பட்டிருக்க மாட்டேன்' என்று சொல்லாமல் 'பட மாட்டேன்' என்றே சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே 'ஹேவ்' விழுந்துவிடுகிறது: 'இஃப் ஐ ஹேட் லேர்ன்ட் த லாங்குவேஜ் தென், ஐ வுடன்ட் ஸ்ட்ரகிள் நௌ.' 'இன்று நலமாக இருப்பார்' என்பது போன்ற இடங்களில் மட்டும் ஏமாறக் கூடாது. அங்கே வரும் 'இருப்பார்' துணைவினையல்ல, முதன்மை வினை. அதற்கு முன்னால் எச்சம் எதுவும் இல்லை. ஆகவே அது 'ஹி வுட் பி வெல் டுடே' ஆகுமே தவிர 'வுட் ஹேவ் பீன்' ஆகாது.

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. காரணம் ஒருவரின் மாறாத குணமாகவும் விளைவு நேற்றைய நிகழ்ச்சியாகவும் இருந்தால், இஃப் பகுதியில் ஹேட் வேண்டாம்: 'இஃப் ஐ வேர் மோர் பேஷன்ட், ஐ வுடன்ட் ஹேவ் செட் தட்.' எனக்குப் பொறுமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்பதை அந்த 'வேர்' ஒத்துக்கொள்கிறது. 'ஹேட் பீன் மோர் பேஷன்ட்' என்று சொன்னால் அன்றைக்கு மட்டும் பொறுமை தவறியதாகப் பொருள்படும். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பு உண்டு.

விளைவு உறுதியில்லாதபோது வுட்டின் இடத்தில் வேறு சொல் வரும். 'இன்னும் ஒரு வாரம் பயிற்சி செய்திருந்தால் வென்றிருப்போம்' என்பது 'வி வுட் ஹேவ் வன்'. 'வென்றிருக்க முடியும்' என்பது 'வி குட் ஹேவ் வன்'. 'ஒருவேளை வென்றிருக்கலாம்' என்பது 'வி மைட் ஹேவ் வன்'. தோற்ற பிறகு 'வுட் ஹேவ் வன்' என்று அடித்துப் பேசுவதைவிட 'மைட் ஹேவ்' என்று அடக்கிச் சொல்வது ஆங்கிலத்தில் நாகரிகமாகக் கேட்கும்.

'இஃப்' இல்லாத வருத்தம்

உண்மையில் வருத்தத்தைச் சொல்லும்போது ஆங்கிலம் பேசுபவர்கள் முழு நிபந்தனை வாக்கியத்தை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. நாமும் அப்படித்தான், 'போயிருக்கலாம்', 'சொல்லியிருக்கக் கூடாது' என்று பாதி வாக்கியத்தோடு பெருமூச்சு விட்டு நிறுத்திவிடுகிறோம். தமிழில் கொட்டிக்கிடக்கும் இந்தச் சிறு வடிவங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதில்தான் உண்மையான பயிற்சி தேவைப்படுகிறது, ஏனெனில் நம்முடைய ஒரே வடிவம் ஆங்கிலத்தில் மூன்று நான்காகப் பிரிகிறது.

'போயிருக்கலாம்' என்பதையே பாருங்கள். 'சே, நானும் போயிருக்கலாம்' என்று தலையில் கைவைத்துச் சொன்னால் அது வருத்தம். ஆங்கிலத்தில் 'ஐ ஷுட் ஹேவ் கான்'. 'அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்' என்றால் அது ஊகம். 'ஹி மைட் ஹேவ் கான் ஹோம்'. 'வழியும் இருந்தது, பணமும் இருந்தது, நினைத்திருந்தால் போயிருக்கலாம்' என்றால் அது வாய்ப்பு. 'ஐ குட் ஹேவ் கான்'. எழுத்தில் ஒன்றாகவே தெரியும் இந்த மூன்றையும் தமிழில் குரலும் சூழலும் பிரித்துக் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் சொல்லே மாற வேண்டும். வருத்தத்தைச் சொல்ல நினைத்து 'ஐ மைட் ஹேவ் கான்' என்று சொன்னால், தான் போனோமா இல்லையா என்பதே இவருக்கு நினைவில்லையோ என்று கேட்பவர் எண்ணக்கூடும்.

'போயிருக்க வேண்டும்' என்பதற்கும் இதே இரட்டை முகம் உண்டு. கடமை தவறியதைச் சொன்னால் 'ஷுட் ஹேவ் கான்'. 'வண்டியைக் காணோம், அவர் போயிருக்க வேண்டும்' என்று உய்த்துணர்ந்து சொன்னால் 'மஸ்ட் ஹேவ் கான்'. 'செய்திருக்கக் கூடாது' என்பது சிக்கலில்லாமல் 'ஷுடன்ட் ஹேவ் டன்' ஆகிவிடும். 'நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை' என்பதற்கு 'யூ நீடன்ட் ஹேவ் கம்' என்பது சரி. வந்தாகிவிட்டது, ஆனால் தேவைப்படவில்லை என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வடிவம் 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?' என்பது. தமிழில் இது கேள்வி வடிவத்தில், எதிர்மறைச் சொல்லோடு, உரிமையான மனத்தாங்கலைச் சொல்கிறது. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'ஷுடன்ட் யூ ஹேவ் டோல்ட் மீ?' என்று கேட்டால், அந்த உரிமை மறைந்து விசாரணைத் தொனி வந்துவிடும். ஆங்கிலத்தில் இதே மனத்தாங்கலுக்குக் கேள்வியும் இல்லை, எதிர்மறையும் இல்லை. 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ' என்று நேராகச் சொல்லி, 'டோல்ட்' என்ற சொல்லில் சற்று அழுத்தம் கொடுத்தால் போதும்.

அடுத்தது 'நன்றாக இருந்திருக்கும்' என்ற முடிவு. 'அப்பாவிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்' என்பதை 'இஃப் ஐ ஹேட் ஆஸ்க்ட் மை ஃபாதர், இட் வுட் ஹேவ் பீன் குட்' என்று மாற்றினால் இலக்கணப்படி தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது மொழிபெயர்ப்பாகவே கேட்கும். ஆங்கிலம் இங்கே 'விஷ்' என்ற வினையை வைத்திருக்கிறது: 'ஐ விஷ் ஐ ஹேட் ஆஸ்க்ட் மை ஃபாதர்.' நமக்கு இதற்கு நிகரான ஒற்றை வினை இல்லாததால் 'விஷ்' என்றாலே வாழ்த்து என்று மனத்தில் பதிந்திருக்கிறது. அதனாலேயே பலர் இந்த வடிவத்தைத் தொடுவதில்லை. தமிழ் வாக்கியம் 'இருந்தால் நன்றாக இருந்திருக்கும்' என்று முடிந்தால் பின்பகுதியை முழுவதும் நீக்கிவிட்டு முன்னால் 'ஐ விஷ்' சேர்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். இங்கேயும் 'ஐ விஷ் ஐ வுட் ஹேவ் ஆஸ்க்ட்' என்று வுட் நுழையப் பார்க்கும், விடக் கூடாது. மனக்குறை இன்னும் ஆழமாக இருந்தால் 'இஃப் ஒன்லி ஐ ஹேட் ஆஸ்க்ட்' என்று சொல்லி அப்படியே நிறுத்திவிடலாம். 'மட்டும்' சேர்த்து 'அன்று மட்டும் கேட்டிருந்தால்…' என்று நாம் இழுத்து நிறுத்துவதற்கு இது நேர் இணை. 'ஒன்லி' என்பது 'இஃப்' என்பதற்குப் பின்னால்தான் வர வேண்டும். இடம் மாறி 'ஒன்லி இஃப்' என்றாகிவிட்டால் 'இந்த நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே' என்று பொருள் முற்றிலும் மாறிவிடும்.

'ரிக்ரெட்' என்ற வினையும் உண்டு. 'ஐ ரிக்ரெட் நாட் ஆஸ்கிங் ஹிம்' என்று 'இங்' சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ரிக்ரெட் டு' என்று தொடங்கினால் அது நிறுவனங்கள் மறுப்புக் கடிதத்தில் எழுதும் 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' ஆகிவிடும்.

ஒரே தமிழ் வாக்கியம், இரண்டு ஆங்கிலம்

இதுவரை தமிழ் வழிகாட்டியாக வந்தது. ஓரிடத்தில் அது நம்மைத் தவறான பாதையில் இறக்கிவிடும் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'அவர் அந்த ரயிலில் ஏறியிருந்தால் இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்' என்ற வாக்கியத்தை இரண்டு சூழல்களில் சொல்லலாம். அவர் ரயிலைத் தவறவிட்டார் என்று தெரிந்த பிறகு சொன்னால் அது நடக்காததைப் பற்றிய கற்பனை. அவர் ஏறினாரா இல்லையா என்று தெரியாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னால் அது வெறும் கணிப்பு. தமிழ் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைத் தருகிறது. ஆங்கிலம் இரண்டையும் கண்டிப்பாகப் பிரிக்கிறது. முதல் சூழலில் 'இஃப் ஹி ஹேட் காட் தட் டிரெயின், ஹி வுட் ஹேவ் அரைவ்ட் பை நௌ'. இரண்டாவது சூழலில் 'இஃப் ஹி காட் தட் டிரெயின், ஹி மஸ்ட் ஹேவ் அரைவ்ட் பை நௌ'. கணிப்பைச் சொல்ல நினைத்து முதல் வடிவத்தைப் பயன்படுத்தினால், அவர் ரயிலில் ஏறவில்லை என்ற செய்தியைச் சொன்னதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இதே காரணத்தால் 'இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்' என்பதற்கு நம்மில் பலர் 'ஹி வுட் ஹேவ் ரீச்ட் ஹோம்' என்கிறோம். நம்மிடையே இது நன்றாகவே புரிகிறது. வேறு நாட்டவரோ 'வுட் ஹேவ்' என்று கேட்டதும் 'ஏன், என்ன தடுத்தது?' என்று அடுத்த பாதிக்காகக் காத்திருப்பார். கணிப்புக்கு 'மஸ்ட் ஹேவ்' அல்லது 'ஹி வில் பி ஹோம் பை நௌ', நடக்காததற்கு 'வுட் ஹேவ்' என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்திலும் பேச்சிலும்

முறையான கடிதங்களில் 'இஃப்' என்பதை எடுத்துவிட்டு ஹேட்டை முன்னால் கொண்டுவருவது வழக்கம்: 'ஹேட் ஐ நோன் அபௌட் த டிலே, ஐ வுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் யூ.' எதிர்மறையில் 'நாட்' தள்ளி நிற்கும். 'ஹேட் ஐ நாட் சைன்ட்' என்பது சரி, 'ஹேடன்ட் ஐ சைன்ட்' என்பது தவறு. 'நீங்கள் மட்டும் இல்லாதிருந்தால்' என்று நன்றி கலந்து சொல்ல 'இஃப் இட் ஹேடன்ட் பீன் ஃபார் யூ' என்ற தொடர் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்காமல் முழுச் சொல்லாகவே மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இஃப் பகுதி முதலில் வந்தால் அதன் பின் காற்புள்ளி இட வேண்டும். விளைவு முதலில் வந்தால் தேவையில்லை.

பேச்சில் இந்தச் சொற்கள் எல்லாம் சுருங்கிவிடுகின்றன. 'இஃப் ஐட் நோன், ஐட் அவ் கம்' என்றுதான் காதில் விழும். இரண்டு 'ஐட்' வருவதில் முன்னது 'ஐ ஹேட்', பின்னது 'ஐ வுட்'. பின்னால் மூன்றாம் வடிவம் நேராக வந்தால் ஹேட், 'ஹேவ்' வந்தால் வுட் என்று பிரித்தறியலாம். 'வுட் ஹேவ்' என்பது 'வுடவ்' என்று தேய்ந்து ஒலிப்பதால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதை 'வுட் ஆஃப்' என்று தவறாக எழுதிவிடுவதுண்டு. அதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டாம். பேசும்போது 'வுட்', 'ஹேவ்' இரண்டையும் அழுத்தாமல் கடந்து, கடைசியில் வரும் வினையில் அழுத்தம் கொடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரே அழுத்தத்தில் உச்சரித்தால் வருத்தம் வாக்குமூலம் போல ஒலிக்கும்.

யாரை எழுவாயாக வைப்பது

துக்கம் நடந்த வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். வுட்டை எடுத்துவிட்டு 'இஃப் யூ ஹேட் இன்ஃபார்ம்ட் மீ' என்று திருத்தியிருந்தாலும் அது சரியான வாக்கியம் ஆகியிருக்காது. 'யூ' என்று தொடங்கும் இஃப் வாக்கியம் பழியை எதிரே இருப்பவர் மேல் வைக்கிறது. துயரத்தில் இருப்பவரிடம் 'நீ சொல்லாததால்தான் நான் வரவில்லை' என்று கணக்குத் தீர்ப்பது போல அது படிக்கப்படும். தமிழில் இதையே சொல்லும்போது குரலில் உள்ள குழைவு அந்தக் கூர்மையை மழுக்கிவிடுகிறது. எழுதிய ஆங்கிலத்தில் அந்தக் குரல் இல்லை. 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம் அட் ஒன்ஸ்' என்று எழுவாயை மாற்றினாலே பழி நீங்கிவிடும். இன்று எழுதுவதாக இருந்தால் நிபந்தனையையே விட்டுவிட்டு, அந்த வாரத்தில் நானாக ஒரு முறை அழைத்துப் பேசாதது என் குறை என்று தெரியும்படி, 'ஐ விஷ் ஐ ஹேட் கால்ட் யூ தட் வீக்' என்று எழுதுவேன்.

பழகுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இரவில் படுக்கப் போகுமுன் அன்றைய நாளில் தவறிப்போன ஒன்றை, அது குடை எடுக்காமல் போனது போன்ற சிறிய விஷயமாக இருந்தாலும், நடந்தபடி இரண்டு சிறு வாக்கியங்களாகத் தமிழில் எழுதுங்கள். அதைத் திருப்பிப் போட்டு 'இருந்தால், இருப்பேன்' வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன் கீழே ஆங்கிலத்தில் முழு நிபந்தனை வாக்கியமாக ஒரு முறை, 'ஷுட் ஹேவ்' வைத்து ஒரு முறை, 'ஐ விஷ்' வைத்து ஒரு முறை எழுதி, மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இஃப் ஐ ஹேட் டேக்கன் தி அம்ப்ரெல்லா, ஐ வுடன்ட் ஹேவ் காட் வெட்.' 'ஐ ஷுட் ஹேவ் டேக்கன் தி அம்ப்ரெல்லா.' 'ஐ விஷ் ஐ ஹேட் டேக்கன் தி அம்ப்ரெல்லா.' எழுதியதைச் சரிபார்க்க ஆசிரியர் கிடைக்காத நாளில் இரண்டே இடங்களைப் பார்த்தால் போதும்: 'இஃப்' அல்லது 'விஷ்' என்பதற்குப் பின்னால் வரும் பகுதியில் வுட் நுழைந்திருக்கிறதா, ஹேட்டுக்கும் ஹேவுக்கும் பின்னால் வந்திருப்பது வினையின் மூன்றாம் வடிவம்தானா.